கலப்பெண் இயக்கவியலும் டாக்டர் பட்டமும்

டில்லியில் நாம் வசிக்கும் சர்க்கார் குடியிருப்பில், நமக்கு எதிர்வீட்டில் தென்காசிப் பக்கத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். கணக்குத் துறையில் முப்பது ஆண்டுகளாக அலுவல் பார்ப்பவர். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடைகாலத்து மாலையில், கையில் இரண்டு தாள்களுடன் அவர் நம் வீட்டிற்கு வந்தார். ஒன்று, அவருடைய மூத்த மகளுக்குக் கணிதத்தில் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருப்பதாக வந்த கடிதம். மற்றது, தான் ஆராய விரும்பும் பொருள் இன்னதென்று அப்பெண் எழுதிக் கொடுத்திருந்த ஒரு பக்கக் குறிப்பின் நகல்.

"தம்பி, இங்கிலீஷ் எனக்கும் தெரியும். ஆனால் இந்தத் தாளில் ஒரு வரி கூட விளங்கவில்லை. 'காம்ப்ளெக்ஸ் டைனமிகல் சிஸ்டம்ஸ்' என்று தலைப்பு. காம்ப்ளெக்ஸ் என்றால் சிக்கல் என்றுதானே பொருள்? பாங்குப் பரீட்சை எழுது என்றால், சிக்கலைத் தேடிக் கொண்டு போகிறாளே! ஐந்து வருஷமாமே. எனக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷந்தான் இருக்கிறது" என்றார்.

நாம் கலைப்பட்டம் பெற்றவர்கள்; பள்ளி இறுதி வகுப்போடு கணக்கைக் கைகழுவியவர்கள். நமது தொழிலோ மத்திய சர்க்காரின் தாள்களை மொழிபெயர்ப்பது. ஆயினும், "அண்ணாச்சி, அந்தப் பெண்ணையே கேட்டுத் தெரிந்து கொண்டு சொல்கிறோம்" என்று ஏற்றுக் கொண்டோம். தொடர்ந்து நான்கைந்து மாலைகள் அவர்கள் வீட்டுக் கூடத்தில், தகப்பனார், ஆச்சி ஆகியோரும் உடனிருக்க, அப்பெண் தாளும் பென்சிலுமாக விளக்கினாள். அங்கே நாம் கற்றதைப் பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இத்தகைய கடிதம் வரும் வீடுகள் இன்று பல. வந்த கடிதத்தின் பொருள் விளங்காமையால், 'வேண்டாம்' என்று சொல்லிவிடும் வீடுகளும் உண்டு.

முதற்கண் தலைப்பையே எடுத்துக் கொள்வோம். 'காம்ப்ளெக்ஸ்' என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருள் சிக்கலானது என்பதுதான். ஆனால் இவ்விடத்தில் அது ஒருவகை எண்ணைக் குறிக்கிறது. தமிழ்ப் பாடநூல்கள் அதனைக் கலப்பெண் என்று அழகாகவே சொல்கின்றன. ஆகவே இத்துறையின் பெயர் 'சிக்கலான இயக்க அமைப்புகள்' அன்று. 'கலப்பெண் இயக்கவியல்' என்பதே சரி. சிக்கலான அமைப்புகளை ஆராயும் வேறொரு துறையும் உண்டு. போக்குவரத்து நெரிசல், நோய் பரவுதல், பறவைக் கூட்டத்தின் போக்கு போன்றவை அதன் பொருள்கள். இரண்டும் வேறு வேறு. விண்ணப்பம் அனுப்பும் மாணவரும் இவ்வேறுபாட்டை அறிந்து கொள்ளுதல் நலம்.

இனி இயக்கம் என்பது யாது? கூட்டு வட்டியை நாம் அனைவரும் அறிவோம். நூறு ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டிக்கு இட்டால், முதலாண்டு முடிவில் 110. மறு ஆண்டில் அந்த 110க்கு வட்டி சேர்ந்து 121. அதற்கடுத்த ஆண்டில் 133 ரூபாய் 10 காசு. விதி ஒன்றே. ஓராண்டில் வந்த விடையே மறு ஆண்டின் கணக்கிற்கு முதலாகிறது. இவ்வாறு ஒரு விதியை அதன் விடையின் மீதே திரும்பத் திரும்பச் செலுத்தி, நெடுங்காலத்தில் என்ன நேரும் என்று ஆராய்வதே இயக்கவியல்.

இதைக் கேட்டதும் ஆச்சி சிரித்தார். "ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தால் என்ன வரும் என்பதுதானே? அறுபது வருஷமாய் அடுப்படியில் அதைத்தானே செய்கிறேன்! எனக்கு யார் பட்டம் கொடுத்தார்கள்?" என்றார். அனைவரும் சிரித்தோம். பேத்தி மட்டும், "ஆச்சி, நீங்கள் செய்வது தினமும் ஒரே மாதிரி வருகிறது. என் கணக்கு அப்படி வருவதில்லை. அதுதான் சங்கதி" என்று கூறி மேலே தொடர்ந்தாள்.

கலப்பெண் என்பதைப் பின்வருமாறு விளங்கிக் கொள்ளலாம். சாதாரண எண்கள் நெடுஞ்சாலையில் நட்ட மைல் கற்களைப் போன்றவை. ஒரே கோட்டில் வரிசையாக நிற்பவை. கலப்பெண்ணோ ஊரில் உள்ள ஒரு வீட்டைப் போன்றது. கிழக்கே இத்தனை அடி, வடக்கே இத்தனை அடி என்று இரண்டு அளவுகள் சொன்னால்தான் அதன் இடம் தெரியும். வாசலில் கோலத்திற்குப் புள்ளி வைக்கும்போது நெடுக்கும் குறுக்குமாக எண்ணுகிறோமே, அதுபோலத் தளம் முழுவதும் பரவியுள்ள புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு கலப்பெண். இவ்வெண்களைப் பெருக்கவும் விதி உண்டு: நடுப்புள்ளியிலிருந்து உள்ள தூரங்களைப் பெருக்க வேண்டும்; கோணங்களைக் கூட்ட வேண்டும். எனவே ஒரு கலப்பெண்ணை வர்க்கித்தால் தூரம் வர்க்கமாகும், கோணம் இரட்டிக்கும்.

இந்த வர்க்க விதியைத் திரும்பத் திரும்பச் செலுத்துவோம். நடுவிலிருந்து ஒன்றுக்குக் குறைந்த தூரத்தில் தொடங்கிய புள்ளி, அரை, கால், வீசம் என்று சுருங்கி நடுவில் சென்று ஒடுங்கும். ஒன்றுக்கு மேற்பட்ட தூரத்தில் தொடங்கியது வரம்பின்றி ஓடிப்போகும். சரியாக ஒன்று என்னும் தூரத்தில், அதாவது அந்த வட்டத்தின் மேலேயே, தொடங்கிய புள்ளி வட்டத்தை விட்டு அகலாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் கோணம் இரட்டிக்கும். வட்டத்தின் மேல் இரு புள்ளிகள் ஒரு பாகையில் நூற்றிலொரு பங்கே விலகி நிற்கின்றன எனக் கொள்வோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பதினான்கு முறை இரட்டித்தபின் அவ்விலகல் 163 பாகைக்கு மேலாகி, அவை வட்டத்தின் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும்! உள்ளே அமைதி, வெளியே அமைதி, எல்லைக் கோட்டில் மட்டும் கொந்தளிப்பு. இத்துறை ஆராய்வது பெரும்பாலும் அவ்வெல்லையையே.

வட்டம் எளிய எல்லை. எளிதல்லாத எல்லைகளும் உண்டு என்பதை முதலில் கண்டவர்களுள் ஒருவர் ஆங்கிலக் கணித அறிஞர் ஆர்தர் கேலி. சமன்பாட்டின் மூலங்களைக் காண நியூட்டன் வகுத்த முறை ஒன்றுண்டு. உத்தேசமாக ஒரு விடையை வைத்து, அதனைத் திருத்தி, திருத்தியதை மீண்டும் திருத்திச் செல்லும் முறை அது. இரு மூலங்கள் உள்ள இருபடிச் சமன்பாட்டில், எந்தப் புள்ளியிலிருந்து புறப்பட்டால் எந்த மூலத்தை அடைவோம் என்று கேலி 1879இல் ஆராய்ந்தார். இரு மூலங்களுக்கும் நடுவே ஒரு நேர்கோடுதான் எல்லை என்று எளிதில் தெரிந்தது. மூன்று மூலங்கள் உள்ள முப்படிச் சமன்பாட்டிலோ அவரால் விடை காண இயலவில்லை.

ஏன் இயலவில்லை என்பது இன்று நமக்குத் தெரியும். தேசப்படத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒன்றுகூடும் இடம் முதுமலைப் பக்கத்துக் காட்டில் ஒரு புள்ளி; மற்ற எல்லை நெடுகிலும் இரண்டிரண்டு மாநிலங்களே சந்திக்கின்றன. கேலியின் முப்படிக் கணக்கில் வரும் தேசப்படமோ விந்தையானது. அதில் எல்லையின் எந்தப் புள்ளியை எடுத்துக் கொண்டாலும் அங்கே மூன்று நாடுகளும் ஒருங்கே சந்திக்கும். இரண்டு மட்டுமே சந்திக்கும் இடம் ஒன்று கூட இல்லை. அத்தகைய எல்லையைக் கையால் வரைந்து காட்டுதல் யாருக்கு இயலும்?

இதன் உண்மைகளை வெளிக்கொணர்ந்தவர்கள் பிரெஞ்சு நாட்டார் இருவர். ஒருவர் காஸ்தோன் ஜூலியா. அல்ஜீரியாவில் 1893இல் பிறந்த இவர், முதல் உலகப் போரில் 1915 ஜனவரியில் முகத்தில் படுகாயமுற்று மூக்கை இழந்தார். பின்னர் வாழ்நாள் முழுதும் முகத்தில் தோற்பட்டை கட்டியே வாழ்ந்தார். இவர் 1918இல் வெளியிட்ட 199 பக்க ஆராய்ச்சிக் கட்டுரை பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் பெரும் பரிசைப் பெற்றது. மற்றவர் பியேர் ஃபாத்து. பாரிஸ் வானாராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த அமைதியான மனிதர். பரிசுப் போட்டியில் கலந்து கொள்ளாமலே, ஏறத்தாழ அதே உண்மைகளைத் தாமும் தனியே கண்டு 1919, 1920ஆம் ஆண்டுகளில் விரிவாக வெளியிட்டார். கொந்தளிக்கும் எல்லைக்கு ஜூலியா கணம் என்றும், அமைதியான பகுதிக்கு ஃபாத்து கணம் என்றும் இன்று பெயர் வழங்குகிறது.

இதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இத்துறையை நாடியோர் சிலரே. காரணம் எளிது, படம் வரைய வழியில்லை. கணிப்பொறி வந்தபின் நிலைமை மாறிற்று. முன் சொன்ன வர்க்க விதியோடு ஒவ்வொரு முறையும் ஒரு நிலையான எண்ணைக் கூட்டுக. பூஜ்யத்தில் தொடங்குக. கூட்டும் எண் ஒன்றானால் 0, 1, 2, 5, 26, 677 என்று விடை ஓடிப்போகும். கூட்டும் எண் கழித்தல் ஒன்றானால் 0, −1, 0, −1 என்று ஊஞ்சல் போல் ஆடிக் கொண்டே இருக்கும். எந்தெந்தக் கலப்பெண்ணைக் கூட்டினால் விடை ஓடிப்போகாமல் கட்டுக்குள் நிற்கிறதோ, அவ்வெண்களை எல்லாம் தளத்தில் கறுப்பாகக் குறித்தால் கிடைக்கும் உருவமே மாண்டெல்பிராட் கணம். இதனை முதலில் வரைந்தவர்கள் 1978இல் புரூக்ஸ், மாடெல்ஸ்கி என்னும் இருவர். 1980இல் பெனுவா மாண்டெல்பிராட் மேலும் நுட்பமாக வரைந்து உலகறியச் செய்தார். உருவத்தின் ஓரத்தை எத்துணை பெரிதாக்கிப் பார்த்தாலும் புதிய சுருள்களும் கிளைகளும், முழு உருவத்தையே ஒத்த குட்டி உருவங்களும் தோன்றிக் கொண்டே இருக்கும்.

இங்கே நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "கணிப்பொறியே படம் போட்டுக் காட்டிவிடுகிறதே, பிறகு ஐந்து வருஷம் உட்கார்ந்து ஆராய என்ன இருக்கிறது?" அருமையான கேள்வி, இதன் விடையில்தான் ஆராய்ச்சி என்பதன் பொருள் அடங்கியுள்ளது.

மாண்டெல்பிராட் வரைந்த முதற் படங்களில் பெரிய உருவத்தைச் சுற்றிலும் சிறு சிறு புள்ளிகள் தனித்தனியே சிதறிக் கிடந்தன. அவ்வுருவம் பல துண்டுகளால் ஆனது என்றே அவரும் முதலில் கருதினார். ஆனால் 1982இல் அட்ரியன் துவாதி, ஜான் ஹப்பர்ட் என்னும் இருவரும் அது ஒரே துண்டு என்று நிரூபித்தார்கள். சிதறிக் கிடப்பனபோல் தோன்றிய புள்ளிகளை எல்லாம், படத்தில் தெரியாத நுண்ணிய இழைகள் உருவத்தோடு இணைத்திருந்தன. கண்ணால் கண்டது பொய். நிரூபணமே உண்மையைக் காட்டிற்று.

மற்றோர் எடுத்துக்காட்டு. நடுவே செல்லும் கிடைக்கோட்டில் அவ்வுருவத்தின் வலக் கோடியாகக் கால் என்னும் எண் நிற்கிறது, அதாவது 0.25. அதனைக் கூட்டினால் விடை ஓடிப்போவதில்லை. அதற்குச் சற்றே மேற்பட்ட எதைக் கூட்டினாலும் ஓடிவிடும். ஆனால் மெல்ல மெல்லவே ஓடும். 0.26 ஆனால், விடை 2ஐத் தாண்ட ஏறத்தாழ 30 முறை செய்ய வேண்டும். 0.2501 ஆனால் 312 முறை. 0.250001 ஆனால் 3140 முறை. இவ்வெண்களை நேயர்கள் உற்று நோக்குக: 30, 312, 3140. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை என்னும் 3.14159 அல்லவா அங்கே முகங்காட்டுகிறது! வட்டமே இல்லாத இடத்தில் அது எங்கிருந்து வந்தது? அமெரிக்க மாணவர் டேவிட் போல் என்பவர் 1991இல் கணிப்பொறியில் இதனைக் கண்டார். ஆரன் கிளெபனாஃப் என்பவரின் நிரூபணம் அச்சேறியது 2001இல். காண்பதற்கும் நிரூபிப்பதற்கும் இடையே பத்து ஆண்டுகள்.

இதனினும் நெடிய காத்திருப்பும் உண்டு. அமைதியான பகுதிகளுள் ஏதேனும் ஒன்று, எந்த ஒழுங்கிலும் வந்து சேராமல் என்றென்றும் அலைந்து கொண்டே இருக்க முடியுமா என்ற வினா ஃபாத்துவின் காலத்திலேயே எழுந்தது. 'பின்ன வடிவச் சார்புகளுக்கு முடியாது' என்று டென்னிஸ் சல்லிவன் நிரூபித்த கட்டுரை வெளிவந்தது 1985இல். ஃபாத்து 1929இலேயே காலமாகி விட்டார். மாண்டெல்பிராட் கணம் நுண்ணிய அளவிலும் எங்கும் தொடர்பறாமல் உள்ளதா என்ற பெரிய வினாவோ இன்னும் தீராமல் நிற்கிறது. பகுதி பகுதியாகப் பலர் முன்னேறியிருக்கிறார்கள். முழு நிரூபணம் இல்லை. இந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கவே அப்பெண் விரும்பினாள்.

"இதனால் யாருக்கு என்ன பயன்?" என்பது அண்ணாச்சியின் அடுத்த கேள்வி. மழுப்பாமல் விடை கூற வேண்டும். நியூட்டன் முறையை எந்திரவியலார் நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். அம்முறை எங்கே தவறும் என்பதை இத்துறை சொல்கிறது. உயிரினங்களின் தொகை ஆண்டுதோறும் ஏறி இறங்குவதைக் காட்டும் எளிய சமன்பாடு ஒன்றும் இதே வர்க்க விதியின் மாற்றுருவமே. அது எத்துணைக் குழப்பமான போக்கைத் தரவல்லது என்பதை ராபர்ட் மே 1976இல் விளக்கினார். ஆனால் ஓர் ஆராய்ச்சி மாணவி எழுதும் ஆய்வேட்டிலிருந்து நாளை ஒரு பொறி பிறக்கும் என்று சொல்வது சரியாகாது. அவள் சேர்ப்பது ஓர் உண்மை. அதன்மேல் அடுத்தவர் கட்டுவார்.

இனி அப்பாதையின் நடைமுறைகளைக் கூறுவோம். நம் நாட்டில் முதுகலைக் கணிதப் பட்டம் பெற்றவர்கள் தேசியத் தகுதித் தேர்வு எழுதி இளநிலை ஆராய்ச்சியாளர் உபகாரச் சம்பளம் பெறலாம். கணித விஞ்ஞானத்திற்கு இத்தேர்வு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றமும் பல்கலைக் கழக மானியக் குழுவும் சேர்ந்து அமைத்தது. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும், விடுதி இல்லாதவர்களுக்கு வீட்டு வாடகைப் படியும் உண்டு. அணுசக்தித் துறையைச் சார்ந்த தேசிய உயர் கணித வாரியமும் தனித் தேர்வு நடத்தி உபகாரச் சம்பளம் அளிக்கிறது. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம், பிரயாக்ராஜில் ஹரீஷ் சந்திரா ஆராய்ச்சி நிலையம், சென்னைத் தரமணியில் 1962இல் தோன்றிய கணித விஞ்ஞான நிலையம் முதலியவை கணித ஆராய்ச்சிக்குப் பேர்பெற்றவை. ஆனால் எல்லா இடத்திலும் எல்லாத் துறைக்கும் ஆசிரியர் இருப்பதில்லை. கலப்பெண் இயக்கவியலில் வழிகாட்ட வல்லவர் அங்கு உள்ளாரா என்று அறிந்த பின்னரே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலையத்தின் பெயரைக் காட்டிலும் நெறியாளரே முக்கியம்.

சேர்ந்தவுடன் ஆராய்ச்சி தொடங்கிவிடுவதில்லை. முதல் ஓரிரு ஆண்டுகள் வகுப்புகளும் தேர்வுகளும் உண்டு. கலப்பெண் சார்புகளின் இயல், இடத்தியல், அளவையியல், வளைந்த தளங்களின் வடிவியல் ஆகியவற்றில் அடிப்படை உறுதியாக வேண்டும். பின்னர் ஜான் மில்னர் எழுதிய பாடநூல் போன்றவற்றை வரி வரியாகக் கற்று, அதன்பின் மூலக் கட்டுரைகளுக்குச் செல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு மகிழ்ச்சி தந்த செய்தி ஒன்று இங்குண்டு. ஜூலியா, ஃபாத்து ஆகியோரின் நூல்களும், துவாதியும் ஹப்பர்டும் 1984, 85ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட புகழ்பெற்ற குறிப்புகளும் பிரெஞ்சு மொழியில் உள்ளவை. எனவே அப்பெண் மாலை நேரத்தில் பிரெஞ்சும் கற்கத் தொடங்கினாள். கணக்கிற்கும் மொழிக்கும் இடையே நாம் எண்ணியிருந்த மதில் அவ்வளவு உயரமானதன்று.

அடுத்து நெறியாளர் ஒரு சிறு வினாவைத் தருவார். அதுவரை யாரும் விடை காணாத வினா அது. தாளில் எழுதுவதும், கிழிப்பதும், கணிப்பொறியில் படம் போட்டுப் பார்ப்பதும், வாரம் ஒருமுறை ஆசிரியர் முன் கரும்பலகையில் விளக்குவதுமாக மாதங்கள் செல்லும். முடிவில் ஆய்வேடு, புறத் தேர்வாளர்களின் கருத்து, வாய்மொழித் தேர்வு, பட்டம். மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி இதற்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், கூடியது ஆறு ஆண்டுகள். பெண்களுக்கு மேலும் இரண்டாண்டுச் சலுகையும், 240 நாட்கள் வரை பேறுகால விடுப்பும் உண்டு.

பெண்கள் இத்துறையில் விளங்கியுள்ளனரா என்று ஆச்சி கேட்டார். டென்மார்க்கின் போடில் பிரானர், ஹப்பர்டுடன் சேர்ந்து முப்படிச் சார்புகளைப் பற்றி எழுதிய இரு பெருங்கட்டுரைகள் 1988, 1992ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. இங்கிலாந்தின் லிவர்பூலில் பணியாற்றிய மேரி ரீஸ், இத்துறை ஆராய்ச்சிக்காக 2002இல் லண்டன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். பேத்தி இவற்றைச் சொன்னபோது ஆச்சி தம் மகனைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

தமிழர்கள் கணிதத்தின் பொருட்டு ஊர் விட்டு ஊர் செல்வதும் புதிதன்று. சென்னை லயோலாக் கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியார் ராசீனிடம் பயின்ற எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் 1953இல் பம்பாய்க்குச் சென்று டாடா நிலையத்தில் ஆராய்ச்சி மாணவர்களாகச் சேர்ந்தார்கள். அவர்களுடைய துறை வேறு. ஆனால் இருவரும் சேர்ந்து 1965இல் வெளியிட்ட தேற்றம் இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. நரசிம்மன் வட ஆற்காட்டுத் தண்டரையில் பிறந்தவர். சேஷாத்ரி காஞ்சிபுரத்தில் பிறந்தவர். அவர்கள் வீடுகளிலும் 1953இல் யாரேனும் ஒருவர், 'பம்பாய்க்குப் போய்க் கணக்குப் போட்டு என்ன ஆகப் போகிறது?' என்று கேட்டிருக்கக் கூடும்.

இடர்களையும் மறைத்தல் ஆகாது. ஆராய்ச்சியில் சேர்ந்த அனைவரும் முடிப்பதில்லை. எடுத்துக் கொண்ட வினா தமக்கு முன்பே வேறொரு நாட்டில் தீர்க்கப்பட்டுவிட்டது என்று மூன்றாம் ஆண்டில் தெரிய வரலாம். பட்டம் பெற்றபின் உடனே நிலையான பதவி கிடைப்பதும் இல்லை; ஒரு சில ஆண்டுகள் இங்கோ வெளிநாட்டிலோ தற்காலிக ஆராய்ச்சிப் பணியில் கழிக்க நேரும். அதன்பின் கல்லூரி ஆசிரியர் பதவி, ஆராய்ச்சி நிலையப் பதவி, கணிப்பொறித் தொழில் என்று வழிகள் உண்டு. பாங்குப் பரீட்சையைப் போல் இத்தனை மார்க்கு வாங்கினால் இன்ன பதவி என்ற உறுதி மட்டும் இல்லை. இதை நண்பரிடம் ஒளிக்காமல் சொன்னோம்.

அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகளைப் பார்த்து, "நீ அந்தக் கணக்கைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்தேன். தம்பியின் படிப்புச் செலவை நான் பார்த்துக் கொள்கிறேன். உன் உபகாரச் சம்பளத்திலிருந்து ஒரு காசும் வீட்டிற்கு அனுப்ப வேண்டாம். ஆனால் முடியாதென்று உனக்கே தோன்றினால் வெட்கப்படாமல் என்னிடம் சொல்லி விடவேண்டும்" என்றார். மறுநாள் அவரே சேர்க்கைக் கட்டணத்தைச் செலுத்தினார்.

இப்போது அப்பெண் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். தகுதித் தேர்வு தேறிவிட்டாள். அவளுக்கெனத் தரப்பட்ட வினா, ஒரு குறிப்பிட்ட வகைச் சார்பின் ஜூலியா கணம் ஒரே துண்டா, அன்றா என்பது. சென்ற கார்த்திகையில் நிரூபணம் கிடைத்துவிட்டதென்று வீட்டிற்குத் தொலைபேசியில் சொன்னாள். அண்ணாச்சி இனிப்பு வாங்கி வந்து நமக்கும் கொடுத்தார். பத்து நாட்களில், மூன்றாம் பக்கத்தில் ஒரு படி தவறு என்று அவளே கண்டுபிடித்தாள். தகப்பனார் அன்றிரவு நம் வீட்டுக்கு வந்து, "தம்பி, மூன்றாம் பக்கம் வரை சரிதானாம். அதுவும் முன்பு இல்லாததுதானே?" என்றார். ஆம், அதுவும் முன்பு இல்லாததுதான்.

நேயர்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீட்டுப் பிள்ளையோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ இத்தகைய ஆராய்ச்சியிலிருந்து பண்டிகை விடுமுறைக்கு வரும்போது, "எப்போது முடியும்?" என்று கேளாதீர்கள், அதற்கு விடை அவர்களுக்கே தெரியாது. "இப்போது எந்த இடத்தில் நிற்கிறாய்?" என்று கேளுங்கள். தாளையும் பென்சிலையும் எடுத்துக் கொண்டு உங்கள் அருகில் வந்து உட்காருவார்கள். பாதி விளங்கும், பாதி விளங்காது. விளங்காத பாதியையும் பொறுமையோடு கேட்டிருங்கள்.